சோல்பரிப் பட்டமும் அதன் உரிமையாளர் நால்வரும்

இலங்கையின் அரசியல் வரலாற்றைப் பயிலும் மாணவர் எவரும் இரண்டு பெயர்களை உச்சரியாமல் அப்பாடத்தைக் கடந்துவிட இயலாது. ஒன்று டொனமூர், மற்றது சோல்பரி. 1931ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியற்றிட்டம் முன்னவர் பெயரையும், 1947ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியற்றிட்டம் பின்னவர் பெயரையும் தாங்கி வழங்கின. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளைகள் இவ்விரு பெயர்களையும் மனனஞ் செய்து தவறின்றி ஒப்புவிப்பர். ஆனால், சோல்பரி என்பது அம்மனிதரின் இயற்பெயரா, குடும்பப் பெயரா, பதவிப் பெயரா என்று வினவினால் வகுப்பறையில் மௌனமே நிலவும். அப்பெயர் அவருக்குப் பின் யாரைச் சேர்ந்தது என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், பிரித்தானியப் பிரபுக்களின் பட்டவுரிமை என்னும் பழைய வழக்கத்தின் வரலாறு நம் கண்முன் விரிகின்றது. அவ்வரலாற்றின் ஒரு கிளை யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் ஒரு சிறு கொட்டிலின் முற்றத்திலே வந்து நிற்கின்றது என்பதை அறியும்போது வியப்பு இன்னும் மிகும். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

முதலிற் பெயரை நோக்குவோம். சோல்பரி என்பது ஓர் ஊர். இங்கிலாந்தின் பக்கிங்காம்சயர்ப் பகுதியிலுள்ள ஒரு சிறு கிராமம். நாம் சோல்பரிப் பிரபு என்று அழைத்தவரின் உண்மைப் பெயர் ஹேர்வால்ட் ராம்ஸ்போதம். ஆங்கில நாட்டில் ஒருவர் பிரபுவாக உயர்த்தப்படும்போது, தாம் எப்பெயரால் அழைக்கப்படவேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுதல் மரபு. சிலர் தம் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்வர்; சிலர் ஓர் ஊரின் பெயரை ஏற்பர். 1941ஆம் ஆண்டில் ராம்ஸ்போதம் பிரபுவானபோது சோல்பரிக் கிராமத்தின் பெயரை ஏற்றார். ஆகவே, சுதந்திர இலங்கையின் முதல் அரசியற்றிட்டம் வழங்கிய பெயர், ஆழ நோக்கின், நம்மிற் பெரும்பாலோர் கண்டிராத ஓர் ஆங்கிலக் கிராமத்தின் பெயரே.

இனி, பட்டங்களின் வரிசையைச் சிறிது அறிதல் வேண்டும். பிரித்தானியப் பிரபுக்கள் ஐந்து படியினர். உச்சியில் டியூக், அவருக்குக் கீழே மார்க்குயிஸ், அதன்கீழ் ஏர்ல், வைக்கவுண்ட், பாரன் என்போர் முறையே நிற்பர். இவற்றுள் ஏர்ல், பாரன் என்பன மிகப் பழையன. மற்றவை பின்னர் வந்து இடையிற் புகுந்தவை. இங்கிலாந்தின் முதலாவது டியூக் பட்டம் 1337ஆம் ஆண்டிலும், முதலாவது மார்க்குயிஸ் பட்டம் 1385ஆம் ஆண்டிலும், முதலாவது வைக்கவுண்ட் பட்டம் 1440ஆம் ஆண்டிலும் வழங்கப்பட்டன. ஆதியில் இப்பட்டங்கள் வெறும் அலங்காரங்கள் அல்ல. பெருநிலம் ஆளுதலும், அரசனுக்குப் படை திரட்டிக் கொடுத்தலும், அவன் சபையில் அமர்ந்து ஆலோசனை கூறுதலும் பிரபுவின் கடமைகளாயிருந்தன. காலப்போக்கில் நிலம் கைமாறிற்று. படை அரசாங்கத்துக்கு உரியதாயிற்று. எஞ்சியது பிரபுக்கள் சபையின் ஆசனமும் பெயரும்.

இப்பட்டம் எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்கின்றது? அரசர் தம் பெருமுத்திரை பொறித்து வழங்கும் பட்டயமே இதற்கு ஆதாரம். அப்பட்டயத்திலேயே வாரிசுரிமையும் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலானவற்றிற் காணப்படும் விதி இது: பட்டம் பெற்றவரின் உடலிற் பிறந்த ஆண் வழியினருக்கே அது உரியது. மூத்த மகன் முதலில். அவன் வழியில் ஆண்மக்கள் இல்லையாயின் அடுத்த மகன். அவன் வழியும் அற்றுப்போயின் அதற்கடுத்தவன். ஆண்வழி முற்றாக அற்றுப்போனால் பட்டமும் அவிந்துபோகும். சில பழைய பட்டங்கள் பெண்வழியாகவும் செல்லும் எனினும் அவை விதிவிலக்குகள். தத்தெடுத்த பிள்ளைக்கு இவ்வுரிமை இல்லை. பட்டத்தை விற்கவோ, நன்கொடையாக வழங்கவோ, மரணசாதனத்தில் வேறொருவருக்கு எழுதிவைக்கவோ இயலாது. பிள்ளைகள் பலரிருப்பினும் பங்கிடவும் இயலாது.

நம் யாழ்ப்பாணத்துத் தேசவழமை சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வகுத்து, பெண்மக்களுக்கும் அவர்க்குரிய பங்கினைச் சீதனமாக அளிக்கின்றது. ஆங்கிலப் பட்டமோ அவ்வாறு பிரிக்கலாகாத ஒரு சொத்து. நம் வழக்கிற் சொல்வதாயின், முதலாமவருக்கு அது தேடியதேட்டம். அவர் மகனின் கையில் அது முதுசம் ஆகிவிடுகின்றது. ஒருவர் உழைத்துப் பெற்றதை மற்றொருவர் பிறந்ததனாலேயே பெறுகின்றார். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் சோல்பரிப் பட்டத்தின் வரலாறு தெளிவாக விளங்கும்.

ஈண்டு ஒரு மயக்கத்தையும் தீர்த்துவிடல் நன்று. சேர் என்னும் பட்டமும் பிரபுப் பட்டமும் ஒன்றே என்று நம்மவருட் பலர் எண்ணுவர். சேர் பட்டம் பொதுவாக அதனைப் பெற்றவரின் ஆயுளோடு முடிந்துபோவது. பரம்பரையாகத் தொடரும் பாரனற் என்னும் வகையினர் உளர். அவர் தாமும் பிரபுக்கள் அல்லர். முத்துக்குமாரசுவாமி 1874ஆம் ஆண்டில் சேர் பட்டம் பெற்றார். அவருடைய மைந்தர் ஆனந்த குமாரசுவாமி கலையுலகம் முழுவதும் போற்றும் அறிஞராக விளங்கினார். ஆனால் தந்தையின் பட்டம் அவரைச் சேரவில்லை. அவர் பெயர் பெற்றது தம் நூல்களாலேயே.

பட்டவுரிமை எத்துணை நுணுகி ஆராயப்பட்டது என்பதற்கு நம் அயல்நாட்டு வழக்கு ஒன்றைக் கூறலாம். பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் இந்தியர் வங்காளத்தைச் சேர்ந்த சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா. 1919ஆம் ஆண்டில் அவருக்குப் பரம்பரைப் பட்டம் வழங்கப்பட்டது. 1928ஆம் ஆண்டில் அவர் காலமானபின் அவர் மகன் ஆசனத்தைக் கோரியபோது ஒரு சிக்கல் எழுந்தது. பெற்றோர் மணந்த காலத்து இந்து வழக்கம் ஒருவன் பல மனைவியரை மணக்க இடங்கொடுத்தது. அத்தகைய மணத்திற் பிறந்த மகன் ஆங்கிலச் சட்டப்படி முறையான வாரிசு ஆவானா என்பதே அச்சிக்கல். தம்பதியர் பின்னர் ஒரு மனைவி முறையையே ஏற்கும் பிரமசமாசத்திற் சேர்ந்தமை எடுத்துக்காட்டப்பட்டது. 1939ஆம் ஆண்டிலேதான் மகனின் உரிமை ஏற்கப்பட்டது. தந்தை இறந்து பதினோராண்டு கடந்த பின்னரே மகனுக்கு ஆசனம் கிடைத்தது.

நிற்க. சோல்பரிப் பட்டத்தைத் தேடிய முதலாமவரின் வரலாற்றுக்கு வருவோம். ஹேர்வால்ட் ராம்ஸ்போதம் 1887ஆம் ஆண்டிற் பிறந்தார். ஒக்ஸ்போர்டிற் கல்வி கற்றார். முதலாம் உலகப் போரிற் பணியாற்றி வீரத்துக்குரிய இராணுவச் சிலுவை பெற்றார். 1929ஆம் ஆண்டு தொடக்கம் லங்காஸ்டர்த் தொகுதியின் சார்பிற் பழமைவாதக் கட்சி உறுப்பினராகப் பொதுமக்கள் சபையில் அமர்ந்தார். ஓய்வூதிய அமைச்சராகவும், 1940ஆம் ஆண்டிற் கல்விச் சபைத் தலைவராகவும் உயர்ந்தார். அக்காலத்தில் அப்பதவியே இங்கிலாந்தின் கல்வி அமைச்சர் பதவி.

லண்டன் நகரத்தின்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அந்நாட்களில், போருக்குப் பின் நாட்டின் கல்வி எவ்வாறு அமையவேண்டும் என்று ஆராயும் ஓர் அறிக்கை அவர் காலத்திலே தயாரிக்கப்பட்டது. பச்சைப் புத்தகம் என வழங்கிய அது 1941ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்தது. அடுத்த மாதமே அவர் பதவி மாறினார். அவருக்குப் பின் வந்த பட்லர் 1944ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கல்விச் சட்டத்தை நிறைவேற்றினார். உழுதவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர். பதவியிலிருந்து நீங்கிய அவ்வேளையிலேதான் ராம்ஸ்போதம் பாரன் சோல்பரி ஆனார். பின்னர்க் கல்விப் பரிசோதகர், ஆலோசகர் ஆகியோரின் வேதனத்தை வகுப்பதற்கு அவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவின் வழியாகச் சோல்பரி என்னும் பெயர் இங்கிலாந்தின் கல்வியுலகில் ஒரு சம்பளத் திட்டத்தின் பெயராக நிலைத்தது. இங்கே அரசியற்றிட்டம், அங்கே சம்பளத் திட்டம்!

1944ஆம் ஆண்டில் இலங்கையின் அரசியற் சீர்திருத்தத்தை ஆராய நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கு அவர் தலைவரானார். சேர் பிரெடெரிக் றீஸ், சேர் பிரெடெரிக் பரோஸ் ஆகிய இருவரும் உடன் உறுப்பினர். அவ்வாண்டு திசெம்பரில் இங்கு வந்த ஆணைக்குழு, 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் வரை தங்கிச் சாட்சியங்களைக் கேட்டது. சிறுபான்மையினருக்குச் சரிபாதிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற கோரிக்கையை ஜீ. ஜீ. பொன்னம்பலம் அதன்முன் விரிவாக எடுத்துரைத்தார். ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, பரப்பளவுக்கும் இடங்கொடுக்கும் தொகுதிப் பிரிவு, பொதுச்சேவை ஆணைக்குழு, மூதவை என்னும் இரண்டாம் மன்றம், எந்த இனத்துக்கும் சமயத்துக்கும் பாரபட்சமான சட்டம் இயற்றலாகாது என்னும் தடை ஆகியவற்றை அரண்களாக அமைத்தது. அத்தடையே பின்னர் 29ஆம் பிரிவு என்று பெயர்பெற்றது.

சோல்பரிப் பிரபு மீண்டும் இலங்கைக்கு வந்தது 1949ஆம் ஆண்டு யூலையில், இம்முறை மகாதேசாதிபதியாக. தாம் வகுத்த திட்டம் எவ்வாறு நடைமுறையில் இயங்குகின்றது என்பதை ஐந்தாண்டுகள் அருகிலிருந்து காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று. அரசியற்றிட்டங்களை வகுத்த வேறு ஆணைக்குழுத் தலைவர்களிற் பலருக்குக் கிட்டாத வாய்ப்பு அது. மலையகத் தமிழ் மக்களிற் பெரும்பாலோர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களாற் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்து நின்றனர். அவை 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கிற் கோமறைக் கழகம் 1953ஆம் ஆண்டில் அவற்றைச் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது. அரணிலே முதற் பிளவு அப்போதே கண்டுவிட்டது. 1954ஆம் ஆண்டு ஏப்பிரலில் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் இங்கு வருகை தந்தார். யூலையில் சோல்பரிப் பிரபு பதவியினின்றும் நீங்கினார். அதே மாதத்தில் அவர் பாரன் நிலையிலிருந்து வைக்கவுண்ட் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

அவ்வாண்டினைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். 1958ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் ஆயுட்காலப் பிரபுக்களை நியமிக்கும் சட்டத்தை இயற்றிற்று. 1964ஆம் ஆண்டில் வில்சன் பிரதமரானபின் பரம்பரைப் பட்டம் வழங்கும் வழக்கம் ஏறத்தாழ நின்றுபோயிற்று. சோல்பரிப் பிரபு பத்தாண்டு பிந்தி ஓய்வுபெற்றிருந்தால் அவர் பட்டம் அவரோடே முடிந்திருக்கவும் கூடும். அந்தி வேளையில் ஏற்றிய விளக்கு அது.

1963ஆம் ஆண்டில் பாமர் இலங்கையைப் பற்றி எழுதிய நூலுக்குச் சோல்பரிப் பிரபு ஒரு முன்னுரை வழங்கினார். பிற்கால நிகழ்ச்சிகளை நோக்குமிடத்து, இந்தியா முதலிய நாடுகளின் அரசியலமைப்பில் உள்ளவாறு அடிப்படை உரிமைகளுக்கு உறுதியான உத்தரவாதம் வேண்டுமென்று தம் ஆணைக்குழு விதந்துரையாமற் போனமை வருந்தத்தக்கது என்ற கருத்தினை அதில் வெளிப்படையாக எழுதினார். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு பிரபு, தம் பெயரைத் தாங்கிய பெரும்பணியின் குறையைத் தாமே எடுத்துக் கூறுதல் எளிய செயல் அன்று. ஆயினும், அவ்வுரை வெளிவந்தபோது 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டமும் 1958ஆம் ஆண்டின் கலவரமும் நடந்து முடிந்துவிட்டன.

அதே 1963ஆம் ஆண்டிற் பட்டவுரிமைச் சட்டத்திலும் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. அதற்குக் காரணர் தொழிற்கட்சியைச் சேர்ந்த அன்ரனி வெட்ஜ்வூட் பென். அவருடைய தந்தையார் 1942ஆம் ஆண்டில் வைக்கவுண்ட் ஸ்ரான்ஸ்கேற் ஆனார். மூத்த மகன் 1944ஆம் ஆண்டிற் போர்ப் பணியில் மாண்டமையால், அடுத்தவராகிய பென் வாரிசானார். 1960ஆம் ஆண்டிற் தந்தை இறந்த கணமே பென் பிரபு ஆகிவிட்டார்; பொதுமக்கள் சபையில் அவருக்கிருந்த ஆசனமும் பறிபோயிற்று. எனக்கு இப்பட்டம் வேண்டா என்று அவர் மறுத்தபோதும் சட்டம் செவிசாய்க்கவில்லை. 1961ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் மக்கள் அவரையே மீண்டும் தெரிந்தனர். தேர்தல் நீதிமன்றமோ தோற்றவருக்கு ஆசனத்தை அளித்தது. இறுதியில் 1963ஆம் ஆண்டு யூலையிற் புதிய சட்டம் நிறைவேறிற்று. பட்டத்துக்கு வாரிசானவர் ஓராண்டுக்குள் அதனைத் தம் ஆயுட்காலத்துக்குத் துறக்கலாம் என்று அச்சட்டம் விதித்தது. பென் அன்றே தம் பட்டத்தைத் துறந்தார். சில மாதங்களின் பின் ஏர்ல் ஒவ் ஹோம் என்பாரும் பட்டத்தைத் துறந்து பிரதமர் பதவியில் நிலைபெற்றார். ஆனால், துறந்தவரின் ஆயுள் முடிந்ததும் பட்டம் மீண்டும் தளிர்க்கும். 2014ஆம் ஆண்டில் பென் காலமானதும் அவர் மகனை அது வந்தடைந்தது. விலக்க விலக்க விடாது தொடரும் முதுசம் அது.

இப்போது நாம் சோல்பரிப் பட்டத்தின் இரண்டாம் உரிமையாளரைச் சந்திக்கின்றோம். முதற் பிரபுவின் மூத்த மைந்தர் ஜேம்ஸ் ராம்ஸ்போதம் 1915ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஈற்றன் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்டிலும் பயின்றவர். பிரித்தானிய உயர்குடிப் பிள்ளை ஒருவன் செல்லக்கூடிய பாதைகள் எல்லாம் அவர்முன் திறந்திருந்தன. அவரோ இலங்கைக்கு வந்து, கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகளின் அடியாராகி, சந்தசுவாமிகள் என்னும் பெயரோடு துறவு வாழ்க்கையை மேற்கொண்டார். மகாதேசாதிபதியின் மாளிகையிற் பிள்ளையாக வாழ்ந்திருக்கக் கூடியவர், பாயிலமர்ந்து குருவின் வாய்ச்சொல்லுக்குக் காத்திருந்தார். செங்கலடிச் சிவதொண்டன் நிலையம் அவர் வாழ்வோடு சேர்த்து நினைக்கப்படும் இடம்.

ஈண்டு இருவகை வாரிசுரிமைகள் எதிரெதிரே நிற்பதைக் காண்க. யோகர் சுவாமிகளின் குருநாதர் நல்லூர்த் தேரடியில் உறைந்த செல்லப்பா சுவாமிகள். அவருக்குக் குருவானவர் கடையிற் சுவாமிகள். இம்மூவருக்கும் இடையே இரத்த உறவு எதுவும் இல்லை. குலமும் ஊரும் நாடும் அங்கே கேட்கப்படவில்லை. பக்குவம் ஒன்றே உரிமை. அவ்வழியில் வந்தவர் ஒருவரின் முற்றத்தில் ஆங்கிலப் பிரபுவின் மைந்தரும் இடம் பெற்றார். பட்டயத்தில் எழுதப்பட்ட வழியோ அவர் கேளாமலே அவரைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

1971ஆம் ஆண்டு சனவரியில் முதற் சோல்பரிப் பிரபு காலமானார். யோகர் சுவாமிகள் 1964ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். துறவியாகிய ஜேம்ஸ் அந்தக் கணமே இரண்டாம் வைக்கவுண்ட் சோல்பரி ஆனார். இந்து தருமசாத்திரத்தின்படி, முறையாகத் துறவு பூண்டவன் இல்லறத்துக்கு இறந்தவனாகவே கருதப்படுவான். குடும்பச் சொத்தில் அவனுக்கு உரிமை இல்லை. ஆங்கிலச் சட்டம் அத்தகைய மரணத்தை அறியாது. காவி உடுத்தாலும் கௌபீனம் உடுத்தாலும் அதன் கண்ணுக்கு அவர் வைக்கவுண்டே. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டுக்குள் அவர் பட்டத்தைத் துறந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அரசியல்வாதியாகிய பென்னுக்கு அப்பட்டம் வழியை மறித்த பாறை. ஆதலின் அதனைப் பெயர்த்தெறிய மூன்றாண்டு போராடினார். துறவிக்கு அது பாதையோரத்துக் கல். அதனை எடுக்கவும் வேண்டா, எறியவும் வேண்டா.

அந்த 1971ஆம் ஆண்டிலேயே இன்னொன்றும் மறைந்தது. சோல்பரித் திட்டம் அமைத்த மூதவை அவ்வாண்டு ஒக்ரோபரில் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 29ஆம் பிரிவும் அத்துடன் போயிற்று. சோல்பரிப் பிரபுவின் பெயரோடு தொடர்புடைய இரண்டு ஆவணங்களை இவ்விடத்தில் ஒப்புநோக்குதல் தகும். ஒன்று அவருக்கு அரசர் வழங்கிய பட்டயம். மற்றது அவர் நமக்கு விதந்துரைத்த திட்டம். பட்டயத்தை அளித்த அரசரும் தம் விருப்பப்படி அதனை மீளப்பெற இயலாது. அதற்குப் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றவேண்டும். முதலாம் உலகப் போரிற் பகைவரோடு சேர்ந்த பிரபுக்களின் பட்டத்தைப் பறிப்பதற்கே 1917ஆம் ஆண்டில் ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஒரு குடும்பத்தின் பெயரைக் காக்க இத்துணைப் பூட்டுகள்! மக்கள் கூட்டத்தின் உரிமையைக் காக்க நின்ற 29ஆம் பிரிவோ கால் நூற்றாண்டே நிலைத்தது. அதனைத் திருத்த மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டுமென்று எழுதியிருந்தும், பழைய அரசியற்றிட்டத்துக்கு வெளியே நின்று புதியதை ஆக்கியபோது அப்பூட்டுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

பிரித்தானியாவிலும் காலம் சும்மா இருக்கவில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டம் 92 பேரைத் தவிர ஏனைய பரம்பரைப் பிரபுக்கள் அனைவரையும் சபையிலிருந்து நீக்கிற்று. அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் ஆசனம் இழந்தனர். நிலமும் படையும் முன்னமே போயின. இப்போது ஆசனமும் போயிற்று. பெயர் மாத்திரம் எஞ்சிற்று. 2004ஆம் ஆண்டில் சந்தசுவாமிகள் தம் 89ஆம் வயதில் மறைந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லாமையால் பட்டம் பட்டயத்தின் விதிப்படி தம்பியாரைச் சேர்ந்தது.

அத்தம்பியார் சேர் பீற்றர் ராம்ஸ்போதம். 1919ஆம் ஆண்டிற் பிறந்த இவர் வெளிநாட்டுச் சேவையில் வாழ்நாளைக் கழித்தவர். 1971 முதல் 1974 வரை ஈரானிலும், பின்னர் 1977 வரை அமெரிக்காவிலும் பிரித்தானியத் தூதுவராயிருந்தார். அமெரிக்கப் பதவியிலிருந்து அவர் மாற்றப்பட்டபோது அவ்விடத்துக்கு நியமிக்கப்பட்டவர் அந்நாட் பிரதமரின் மருமகன்! பரம்பரைப் பிரபுத்துவத்தைக் கண்டித்த கட்சியின் ஆட்சியிலேயே இது நிகழ்ந்தது. பத்திரிகைகள் இதனைப் பலவாறு விமரிசித்தன. உறவின் செல்வாக்குப் பட்டயத்தில் எழுதினால்தான் செல்லும் என்பதில்லை. அதன்பின் பீற்றர் பெர்மியூடாவின் தேசாதிபதியானார். 85 வயதில் மூன்றாம் வைக்கவுண்ட் சோல்பரி ஆனபோது, அப்பட்டத்தோடு அவருக்கு ஆசனம் எதுவும் வரவில்லை. தம் உழைப்பாற் பெற்ற சேர் என்னும் முன்னடையே அவர் வாழ்வின் கதையைச் சொல்லிற்று.

2010ஆம் ஆண்டில் அவர் காலமானதும் அவர் மகன் ஒலிவர் ராம்ஸ்போதம் நான்காம் வைக்கவுண்ட் ஆனார். இவர் அரசியல்வாதியல்லர், இராசதந்திரியுமல்லர். இங்கிலாந்தின் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்திற் சமாதானக் கல்வித் துறையிற் பேராசிரியராயிருந்தவர். இனங்களுக்கும் நாடுகளுக்கும் இடையே மூளும் பிணக்குகள் ஏன் தோன்றுகின்றன, எவ்வாறு தீர்க்கப்படலாம் என்பதே அவர் ஆராய்ந்த பொருள். அத்துறையில் மாணவர் பயிலும் பாடநூல்களின் ஆசிரியர்களுள் ஒருவர். ஒரு தீவின் பல இனங்கள் ஒரே பாராளுமன்றத்தின்கீழ் வாழ்வதற்கு வழி வகுக்கப் புகுந்தவரின் பேரர், பிணக்குத் தீர்த்தலையே தம் வாழ்நாட் கல்வியாகக் கொண்டார். இவ்வொற்றுமையை எந்தப் பட்டயமும் விதிக்கவில்லை.

நால்வரின் கதையும் இவ்வளவே. சோல்பரி என்னும் பெயர் 1941ஆம் ஆண்டிலிருந்து தந்தையிடமிருந்து மூத்த மைந்தருக்கும், அவரிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து அவர் மகனுக்குமாகச் சட்டம் வகுத்த பாதையில் ஒரு முறையேனும் தடம் மாறாமற் சென்றது. அப்பெயரைப் பெறுவதற்கு முதலாமவரைத் தவிர வேறெவரும் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. ஆனால், அவர்களை நாம் நினைவுகூர்வது அவர்கள் தாமாகத் தேடிக்கொண்டவற்றாலேயே. முதலாமவரை ஒரு திட்டத்தாலும், அதன் குறையைச் சொன்ன நேர்மையாலும் நினைக்கின்றோம். இரண்டாமவரை நம் மண்ணின் ஒரு குருவைத் தேடி வந்த தாகத்தால் நினைக்கின்றோம். மற்ற இருவரும் தம் தொழிலாலும் கல்வியாலும் அறியப்படுவர். முதுசத்தை எவரும் பெறலாம். தேடியதேட்டமே ஒருவரின் அளவுகோல்.

நமக்கு எஞ்சும் பாடமும் ஒன்றுண்டு. பட்டங்கள் தாமே வாரிசைத் தேடிச் செல்லும். உரிமைகள் அவ்வாறு செல்வதில்லை. 29ஆம் பிரிவினை எழுதியவர் அதனைக் கடதாசியில் வைத்துவிட்டுச் சென்றார். அதனை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தேடிப் பெற்று அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்திருக்க வேண்டும். அப்பணி நடைபெறாமையின் விலையை இந்நாட்டின் எல்லா இனத்தவரும் பின்னர்க் கொடுத்தனர். வரலாற்றுப் பாடத்தில் சோல்பரி என்னும் பெயரை எழுதும் நம் பிள்ளைகள், அரசியற்றிட்டத்தின் ஆண்டினை மட்டுமன்றி இதனையும் அறிந்து எழுதுவார்களாயின், எங்கோ உள்ள அந்த ஆங்கிலக் கிராமத்தின் பெயர் நம் நாட்டுக்கு வந்ததில் ஒரு பயன் உண்டு.